ஓஸ்தியில் விழுந்த கோடு

இயேசு மரி சூசை

மடம், அடையாறு
14 ஜூலை 2024

அன்புள்ள ஜான்சன் அண்ணனுக்கு,

ஜாஸ்மின் எழுதுவது. நான் இங்கே ஆண்டவர் கிருபையால் நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா? போன முறை பேசும் அறைக்கு வந்தபோது முட்டிவலி என்றாய். மந்தைவெளி வீட்டில் தினமும் நான்கு மாடி ஏறி இறங்குகிறவனுக்கு முட்டி வலிக்காமல் மூக்கா வலிக்கும்? லிஃப்ட் போட எல்லாரும் கையெழுத்துப் போட்டபோது மாட்டேன் என்றவன் நீதானே.

உன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டதாகப் பங்குச் சாமியார் சொன்னார். மிகவும் சந்தோஷம். "உன் கண்டுபிடிப்பு" என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதே. பேசும் அறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சொன்னேன், அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ கேட்டுக்கொண்டு போனாய். அவ்வளவுதான். உலோகவியல் படித்து, வார்ப்புப் பட்டறையில் வேலையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்தவளுக்குப் பேர் எதற்கு? பட்டறை உன்னுடையது, அதன் தலைவலியும் உன்னுடையது. பேரும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

ஓர் உதவி வேண்டும். சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பூசை அப்பம், அதாவது ஓஸ்தி, சுட்டுக் கொடுப்பது எங்கள் மடம்தான். சுடுகிற இரும்புத் தட்டு துருவேறிப்போய்விட்டது. கீழே ஒரு தட்டு, மேலே சிலுவை வெட்டிய ஒரு தட்டு, நடுவில் கீல். அலுமினியத்தில் வார்த்துத் தருவாயா? நம் முறையில் செய்தால் உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது.

மாதம் ஒரு கடிதம், அதுவும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பது இங்கே சட்டம். வீட்டுக்கு மூத்தவன் என்று உனக்கே எழுதுகிறேன். தங்கச்சி ஆஷாவுக்கும் படித்துக் காட்டு. எங்கள் பேசும் அறை திறந்திருக்கும் நேரம் அவளுக்கு மீன் விற்கும் நேரம். பாவம், அவளால் வரவே முடிவதில்லை. அவள் வீட்டுக்காரர் பாரத்துக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்.

உங்களுக்காகச் செபிக்கும்,
ஜாஸ்மின்


மந்தைவெளி
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கையும் மரியாதைக்குரிய சிஸ்டருமான ஜாஸ்மினுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்குக் கேட்கவே வேண்டாம், ஆண்டவர் வீட்டிலேயே இருக்கிறாய். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறேன். லிஃப்டைப் பற்றிப் பேசாதே.

ஓஸ்தித் தட்டு இந்தக் கடிதத்தோடு வருகிறது. எடுத்துப் பார், முகம் தெரியும். கிண்டிப் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று வார்த்தேன்.

ஜாஸ்மின், உன் முறை பெரிய ஆசீர்வாதம். வார்த்த சாமானைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, பொடி அலுமினியக் குண்டுகளைக் காற்றழுத்தத்தில் அதன்மேல் வாரி அடிக்கிறோம். மேல்தோல் இறுகி, உப்புத் தண்ணீர் உள்ளே நுழைய ஓட்டையே இல்லாமல் அடைத்துக்கொள்கிறது. படகின் பின்பலகையில் இன்ஜினைப் பிடித்து நிற்கிறதே, அந்த பிராக்கெட்டைத்தான் இப்போது அதிகம் செய்கிறோம். முன்பெல்லாம் ஐந்துக்கு ஒன்று விரிசல் என்று கழிந்துபோகும். இப்போது கழிவே இல்லை. காப்புரிமைக்காரர்களிடம் நான் அடித்துச் சொன்னதும் அதைத்தான்.

பட்டினப்பாக்கம் கரையில் பாதிப் படகுகளில் நம் பிராக்கெட். பாரத்துக்கு நானே போய் என் கையால் மாட்டிக் கொடுத்தேன். ஆடி மாதக் கடைசி என்று பார்க்கவில்லை. "இன்னா மச்சான் இது, கண்ணாடி கணக்கா கீது! இத்தப் போய் தண்ணில எறக்கச் சொல்றியே" என்றான். ஆஷா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா வளர்ந்துவிட்டாள். எல்லார் வாயிலும் உன்னைப் பற்றித்தான் பேச்சு.

அன்புடன்,
ஜான்சன்


இயேசு மரி சூசை

மடம், அடையாறு
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குப் பெசன்ட் நகர் போனாயா? கொடியேற்றத்தன்று வெடிச்சத்தம் எங்கள் அறை வரை கேட்டது.

தட்டு அருமை. இங்கே எல்லாச் சகோதரிகளும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஓஸ்தி மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று வருகிறது. முன்பு கருகிப் பாதி போகும். மதர் உனக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கழிவே இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அது புரியவில்லை. குண்டடிப்பது மேல்தோலை இறுக்குமே தவிர, உள்ளே விழுந்த விரிசலை ஒட்டவைக்காது. அதனால்தான் வரிசையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: வார்த்ததை முதலில் ஆறவிட வேண்டும், ஆறியதும் சிவப்பு மை தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நல்லதை மட்டும் மறுபடி சூடாக்கிக் குண்டடிக்க வேண்டும். முதலிலேயே அடித்துவிட்டால் விரிசலின் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்புறம் எந்த மையைத் தடவினாலும் அது உள்ளே போகாது, காட்டிக்கொடுக்காது.

நீ எதை முதலில் செய்கிறாய்? மை சோதனையையா, குண்டடியையா? ஒரு வரி எழுதினால் போதும். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணிக்கும் ஆஷாவுக்கும் என் அன்பு.

செபத்தோடு,
ஜாஸ்மின்


மந்தைவெளி
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறோம். மழை ஆரம்பித்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், மாடியில் இருப்பதற்கு இந்த ஒரு மாதத்தில்தான் மரியாதை.

உனக்கு ஒரு நல்ல செய்தி. சிறு தொழிற்சாலைக்காரர்கள் சங்கத்தில் இந்த வருடப் புதுமை விருது நமக்குத்தான். தி. நகரில் பெரிய கல்யாண மண்டபம் எடுத்து விழா நடத்தினார்கள். அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சால்வை, கேடயம், போட்டோ எல்லாம் ஆயிற்று. பேசச் சொன்னார்கள். "எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம், கழிவு பூஜ்யம்" என்று மூன்றே வார்த்தையில் முடித்தேன். என்ன கைதட்டல் என்கிறாய்! அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். வலை பின்னியவன் மகன் மேடையில் நிற்கிறான் என்று சொல்லிச் சொல்லியே ஊரை ஒரு வழி பண்ணியிருப்பார்.

உன் பெயரையும் சொல்ல நினைத்தேன். நீதான் எல்லாவற்றையும் துறந்தவளாயிற்றே, சங்கடப்படுவாயோ என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை. வேலை நெரிக்கிறது, அதனால்தான் பேசும் அறைக்கு வர முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

அன்புடன்,
ஜான்சன்


இயேசு மரி சூசை

மடம், அடையாறு
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் நலம்தானே? விருதுக்கு வாழ்த்து. என் பெயரைச் சொல்லாததில் எனக்கு வருத்தமே இல்லை. நான் கேட்டதற்குப் பதில் எழுதாததில்தான் வருத்தம். பட்டுப்புடவை, சால்வை, மழைத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் உன் கடிதத்தில் இடம் இருந்தது, அந்த ஒரு வரிக்கு இல்லை.

போன வாரம் ஓஸ்தி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் சிலுவைக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு புடைத்துக்கொண்டு நின்றது. மாவில் ஏதாவது விழுந்திருக்கும் என்று எடுத்துப் போட்டேன். அடுத்ததிலும் அதே இடத்தில் அதே கோடு. அன்றைக்குச் சுட்ட அத்தனையிலும் இருந்தது. தட்டைத் துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. ஆனால் மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் சூடேறிச் சூடேறி, நீ அடித்து மூடிய வாய் திறந்துகொண்டது. மாவு அதற்குள் இறங்கி அச்செடுத்துக்கொண்டு வருகிறது.

அண்ணா, இந்தத் தட்டு குண்டடிக்கும் முன்பே விரிசல் விட்டிருந்தது. முதலில் மை தடவிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆகவே நீ பார்க்கவில்லை. மறுபடி சூடாக்கும் எரிபொருளை மிச்சம் பிடிக்க வரிசையை மாற்றிவிட்டாய். மேடையில் நீ சொன்ன "எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம்" அதுதானே? கழிவு பூஜ்யம் என்றாயே, உனக்கு விரிசல் விழுவதில்லையா, தெரிவதில்லையா?

பழைய இரும்புத் தட்டையே தேய்த்து எடுத்துவிட்டேன், ஓஸ்தி நின்றுபோகவில்லை. கோடு விழுந்த தட்டினால் ஆளா சாகப்போகிறது? ஆனால் பிராக்கெட் அப்படியில்லை. இல்லை என்றாவது எழுது, நான் நம்புகிறேன்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதிலும் தவக்காலத்திலும் இங்கே கடிதம் உள்ளே வராது, வெளியே போகாது. வருவதைப் பிரிக்காமல் ஒரு தகரப்பெட்டியில் போட்டுவைத்து, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் கொடுப்பார்கள். அதற்குள் எழுதிவிடு.

ஜாஸ்மின்


மந்தைவெளி
20 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்குக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

நாங்கள் எல்லாரும் சுகம். உன் கடிதம் கிடைத்தபோது ஒரு பெரிய ஆர்டர் விஷயமாக அலைந்துகொண்டிருந்தேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் பெட்டியில்தான் இது தூங்கும் என்று தெரியும், பரவாயில்லை, பாலன் பிறந்தபிறகு படி.

தட்டைத் திருப்பி அனுப்பு, வேறு தருகிறேன். ஓஸ்தித் தட்டு ஒரே ஒரு சாமான், அவசரத்தில் வார்த்தது. அதை வைத்து எல்லாவற்றையும் எடை போடாதே. நீ படித்து எத்தனை வருடம் ஆகிறது? இப்போது உலோகக் கலவையே வேறு, மெஷினே வேறு. பொறியாளர்கள் வந்து பார்த்துத்தான் விருது கொடுத்தார்கள். அவர்கள் யாரும் மாவு பிசைந்து பார்க்கவில்லை.

பிளம் கேக் அனுப்பியிருக்கிறேன், எல்லாச் சகோதரிகளுக்கும் கொடு. மதருக்கு என் வணக்கம்.

ஜான்சன்


இயேசு மரி சூசை

மடம், அடையாறு
19 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நலம். கேக் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

உன்னோடு வாதாட எனக்கு ஆசையில்லை. உலோகம் மாறியிருக்கலாம், அண்ணா. விரிசல் மாறவில்லை. உனக்கே சந்தேகமிருந்தால் ஒரு பிராக்கெட்டை எடு, கொஞ்ச நேரம் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போடு. நீ அடித்து இறுக்கிய மேல்தோல் கரையும். கழுவித் துடைத்துவிட்டுச் சிவப்பு மை தடவு, மறுபடி துடை, வெள்ளைப் பவுடர் தூவு. விரிசல் இருந்தால் வெள்ளையில் ரத்தம் கசிகிற மாதிரி கோடு தெரியும். பட்டறையில் எல்லாச் சாமானும் இருக்கிறது. செய்ய மனம்தான் வேண்டும்.

அதைவிட முக்கியம், பாரத்தின் படகில் மாட்டியதைக் கழற்று. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அப்புறம் யோசி. நம் வீட்டுப் பெண்ணின் தாலி அந்தப் பின்பலகையில் தொங்குகிறது. வாழ்வோ சாவோ அவனுக்குத் தினமும் அதே கடல்தான். இன்ஜின் அலையில் தூக்கித் தூக்கிப் போடும்போது அந்த விரிசல் சும்மா இருக்காது.

மதரிடம் சொன்னேன். "அவசரம் என்றால் தங்கைக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொள், வேண்டுமானால் ஃபோனும் பண்ணு" என்றார். எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள ஆஷாவுக்கு" என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. அண்ணன் செய்தது ஓட்டை என்று தங்கச்சிக்கு நான் எப்படி எழுதுவேன்? நாளைக்குக் கரையில் உன்னை யார் மதிப்பார்கள்? அதை நீயே போய் உன் வாயால் சொல்லிக் கழற்றினால்தான் உனக்கு மரியாதை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

செய்துவிட்டு எழுது. காத்திருக்கிறேன்.

ஜாஸ்மின்


மந்தைவெளி
2 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும், அதற்குள் கிடைக்க வேண்டும் என்று பட்டறை ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொன்னபடியே ஆயிற்று. பாரத் படகில் இருந்ததைக் கழற்றிவிட்டு, வார்க்காத, கெட்டி இரும்பில் ஒன்று போட்டுவிட்டேன். ஆஷாவும் பாரத்தும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். நிம்மதியாகத் தவக்காலத்தை அனுசரி. எங்களுக்காக வேண்டிக்கொள்.

ஜான்சன்


பட்டினப்பாக்கம்
27 மார்ச் 2025

அன்புள்ள ஜாஸ்மின் அக்காவுக்கு,

ஆஷா எழுதுவது. நலம் என்று எழுத முடியவில்லை. நீ நலமாக இரு.

பாரத் போய்விட்டார் அக்கா. இன்றைக்குப் பத்தாம் நாள். மயிலாப்பூர் சுடுகாட்டில் அவங்க வழக்கப்படி எல்லாம் செய்தார்கள். உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று அழுதேன். அண்ணன்தான், "தவக்காலத்துல மடத்துக்கு எந்தச் சேதியும் போகாதும்மா. ஈஸ்டர் முடியட்டும், நானே போய் பக்குவமா சொல்றேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியில் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அன்று விடிகாலை பக்கத்துப் படகுக்காரர் ரங்கன் அண்ணனைத் துணைக்கு ஏற்றிக்கொண்டுதான் போனார். திரும்பி வரும்போது அடையாறு முகத்துவாரத்துக்கு நேரே இன்ஜின் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ரங்கன் அண்ணன் நீந்திக் கரை சேர்ந்தார். அவர் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அலை ஒண்ணும் பெருசா இல்லம்மா. பட்டுனு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறேன், இன்ஜினு கீழ போய்க்கினு கீது. போட்டு குறுக்கால திரும்பி கவுந்துடுச்சி. பாரத்து உள்ள மாட்டிக்கினான்."

எல்லாச் செலவும் அண்ணன்தான் பார்த்தான். அவன் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் தெரியாது. பின்பலகையில் பாதி பிராக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. போன ஆடியில் அண்ணன் தன் கையாலேயே மாட்டியது. அன்றிலிருந்து ஒருநாள்கூட அதைக் கழற்றியதில்லை. இன்ஜினை ரிப்பேருக்கு எடுக்கும்போதுகூட, "மச்சான் போட்டது, யாரும் கைய வெக்காத" என்பார். அந்தப் பாதியை அண்ணன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அவனும் ரொம்ப உடைந்துபோயிருக்கிறான். அடுத்த மாதம் டில்லியில் அவனுக்கு இன்னொரு விருதாம். போகமாட்டேன் என்கிறான். நான்தான் போகச் சொன்னேன். அவனுக்காகவும் வேண்டிக்கொள் அக்கா.

பாப்பா அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

உன் தங்கை,
ஆஷா


இயேசு மரி சூசை

மடம், அடையாறு
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

என் ஆஷாவுக்கு,

இன்று காலைப் பூசை முடிந்ததும் பெட்டியைத் திறந்து உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். படித்துவிட்டு நான் கத்திய கத்தலில் எல்லாச் சகோதரிகளும் ஓடிவந்துவிட்டார்கள். நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் இந்த மடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட என்னால் குடிக்க முடியாது. பாரத்தைக் கொன்றது கடல் இல்லை. அண்ணன் போட்ட பிராக்கெட் வார்க்கும்போதே விரிசல் விட்டது. அவன் செய்யும் முறை என்னுடையதுதான், ஆனால் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டான். விரிசலைப் பார்க்கும் முன்பே அதை அடித்து மூடிவிடுகிறான், அதனால் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. தெரியாததை இல்லை என்று சொல்லி விருது வாங்கிவிட்டான்.

எங்கள் ஓஸ்தித் தட்டிலும் அதே விரிசல் வந்தது. அன்றிலிருந்து அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் பாரத்தின் படகைப் பெயர் சொல்லி எழுதினேன், கழற்று என்று கெஞ்சினேன். கழற்றிவிட்டேன், இரும்பில் போட்டுவிட்டேன், நீயும் பாரத்தும் நன்றி சொன்னீர்கள் என்று சாம்பல் புதனுக்கு முன்னால் பதில் எழுதினான். நான் அதை நம்பி, தவக்காலம் முழுக்க அவனுக்காக நன்றி சொல்லிச் செபித்துக்கொண்டிருந்தேன். நீ தாலியறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் இங்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், ஆஷா!

இதை எங்கள் கோயிலில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை கையில் இப்போதே கொடுத்தனுப்புகிறேன். கரையில் அண்ணன் பிராக்கெட் மாட்டிய படகு ஒன்றுகூட நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. ரங்கனிடம் சொல், எல்லாரிடமும் சொல்லச் சொல்.

பாப்பாவை என் சார்பில் கட்டிக்கொள்.

உன் அக்கா,
ஜாஸ்மின்


மந்தைவெளி
30 ஏப்ரல் 2025

ஜாஸ்மினுக்கு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: குண்டடிதான் முதலில். மை அப்புறம். இப்போது திருப்தியா?

உன் பேச்சைக் கேட்டு பாரத் படகில் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? சொந்த மச்சான் படகிலிருந்தே கழற்றுகிறான் என்று சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவியிருக்கும். கடையை மூட வேண்டியதுதான். பட்டறையில் எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று உனக்குத் தெரியாது. உனக்கு மணியடித்தால் சோறு. ஒரு வருடம் ஓடட்டும், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு வருடம்.

அவன் எனக்கும் மச்சான்தான். அவனை நான் வேண்டுமென்று அனுப்பியதாக நினைக்கிறாயா? ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பாதி பிராக்கெட்தான் வருகிறது. உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தது, பழைய விரிசல். நீ சொன்னது சரி. போதுமா?

ஆஷாவுக்கு நீ எழுதியிருக்க வேண்டாம். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு அண்ணன். அதையும் நீ எடுத்துவிட்டாய். டில்லிக்குப் போகவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே.

ஜான்சன்


பட்டினப்பாக்கம்
9 மே 2025

அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ரங்கன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படகாகப் போனேன். முதலில் யாரும் நம்பவில்லை. "புருசன் பூட்ட துக்கத்துல ஏதோ பேசுது" என்றார்கள். ரங்கன் அண்ணன் தன் படகில் இருந்ததைக் கழற்றி ஒரு பாறையில் ஓங்கி அடித்தார். அது இரண்டாகப் போனதும் மற்றவர்களும் ஸ்பேனரை எடுத்தார்கள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அண்ணன் பட்டறை வாசலில் கொட்டிவிட்டு வந்தோம். அவன் வெளியே வந்து நின்றான். இனி அவன் முகத்தில் நான் முழிக்கப்போவதில்லை. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாதி பிராக்கெட்டையும் அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

இது அவனைப் பற்றிச் சொல்ல எழுதிய கடிதம் இல்லை.

உன் கடிதத்தை ரங்கன் அண்ணன் பெண்ணிடம் கொடுத்துத் திரும்பவும் படிக்கச் சொன்னேன். நான் ஏதாவது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. அவளும் அப்படித்தான் படித்தாள். ஜனவரியில் அண்ணனுக்கு எழுதினேன் என்று. உன்னைப் பார்க்க வந்திருந்தபோது மதரையும் கேட்டேன். நீ கம்பிக்குப் பின்னால் அழுதுகொண்டே இருந்தாய். அவர்தான் சொன்னார். எனக்கு எழுதச் சொன்னாராம், ஃபோன்கூடப் பண்ணச் சொன்னாராம். நீ "அன்புள்ள ஆஷாவுக்கு" என்று எழுதிவிட்டுக் கிழித்தாயாம்.

அண்ணன் பொய் சொன்னான். அவனுக்குப் பட்டறை இருந்தது, விருது இருந்தது, பயம் இருந்தது. உனக்கு என்ன இருந்தது அக்கா? அண்ணனுக்கு மரியாதை போய்விடும் என்று பார்த்தாய். வீட்டுக்கு மூத்தவனுக்கு எழுதினால் எல்லாருக்கும் எழுதினது மாதிரி என்று நினைத்தாய். படகு அவனுடையது இல்லையே. நான் தினமும் அந்தப் படகைத் தள்ளிவிட்டு, அதிலிருந்து மீனை வாரிக்கொண்டு மார்க்கெட் போகிறவள். அந்த பிராக்கெட் பக்கத்தில்தான் நான் கூடையை வைப்பேன்.

எனக்கு உலோகம் தெரியாது. குண்டடியும் சிவப்பு மையும் எனக்குப் புரியாது. ஏன் எதற்கு என்றுகூட நீ எழுத வேண்டாம். "ஆஷா, அதைக் கழட்டிடு" என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். நான் அவரைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். அக்கா சொன்னாள் என்று ஸ்பேனரை எடுத்து நானே கழற்றியிருப்பேன்.

ஆஷா